ஊர்ச் செய்தித் தளத்துக்கு ஆள் சேர்ப்பது எப்படி? குமரியில் பட்டுத் தெரிந்தவை

நூலக வராந்தாவில் போட்ட முதல் கூட்டத்துக்கு 42 பேர் வந்தார்கள். சாயா தீர்ந்துபோய் இரண்டாவது தடவை வாங்கிவர ஆள் அனுப்பினோம். அன்று இரவே வாட்ஸப் குழு ஆரம்பித்தாயிற்று. கைகூப்பும் படங்கள், ‘நம்ம ஊருக்கு இது ரொம்ப அவசியம்’ என்று நீளநீளமாய் வாழ்த்துகள். மூன்று மாதம் கழித்து அக்டோபர் மழையில் குழித்துறைச் சப்பாத்துப் பாலத்தில் தண்ணீர் ஏறியது. பாலம் மூடியாச்சா, பஸ் எந்த வழியாகப் போகிறது என்று வாசகர்கள் போன் மேல் போன். பக்கத்தில் இருக்கிறவர் யாராவது பார்த்துச் சொல்லுங்கள் என்று குழுவில் கேட்டேன். 31 பேர் பார்த்ததாக நீலக் குறி விழுந்தது. பதில் போட்டவர் ஒருவர்தான். அவரும் அப்போது சென்னையில் இருந்தார்.

இன்றைக்கு எங்கள் தளத்துக்குப் பதினொரு பேர் சம்பளமில்லாமல் ஒழுங்காக வேலை செய்கிறார்கள். இடையில் இரண்டரை வருடம் அலைந்ததில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதியிருக்கிறேன். ஐந்தாறு ஊராட்சிகளையோ ஒரு பேரூராட்சியையோ சுற்றிச் செய்தி போடும் சின்னத் தளத்துக்கு இது பொருந்தும்.

1. ஆளைத் தேடும் முன் வேலையை எழுதுங்கள்

‘தன்னார்வலர்கள் தேவை’ என்று போட்டால், வருகிறவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இப்போது நாங்கள் ஒவ்வொரு வேலையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிடுகிறோம். என்ன வேலை, எந்த நேரம், எத்தனை நிமிடம், எத்தனை மாதம், முடியாத நாளில் யாரைக் கூப்பிட வேண்டும். ஐந்தே வரி.

எங்களிடம் முதலில் நிரம்பிய சீட்டு இது: ‘காலை 8 மணிக்குள் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்மட்டமும் நேற்றைய மழையளவும். அரசு வெளியிடும் பட்டியலைப் பார்த்து எண்களைப் போட வேண்டும். 10 நிமிடம். மூன்று மாதம்.’ அணை நிரம்பினால் பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி என்பது இங்கே விவசாயிகளுக்கு மனப்பாடம். மழைக்காலத்தில் ஆற்றங்கரையில் குடியிருப்பவர்கள் விடிந்ததும் தேடுவது அந்த எண்ணைத்தான். இந்த வேலையைச் செய்கிறவர் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா. கடைக்கதவைத் திறந்ததும் கல்லாவில் உட்கார்ந்து முதலில் அதைப் போட்டுவிடுவார். ‘செய்தி எழுத வாருங்கள்’ என்று கூப்பிட்டிருந்தால் அவர் வந்தே இருக்க மாட்டார்.

மின்தடை அறிவிப்பு, திருவிழாக் காலத்தில் தோவாளைப் பூ விலை, பஸ் நேர மாற்றம், பிழைதிருத்தம், வாசகர் அனுப்பும் படங்களைப் பிரித்து வைப்பது என்று ஒவ்வொன்றும் தனிச் சீட்டு. ஒரு சீட்டு ஒரு நாளில் 20 நிமிடத்துக்கு மேல் கேட்டால் அதை இரண்டாகக் கிழியுங்கள். ‘மூன்று மாதம்’ என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். முடிவுநாள் தெரிந்தால்தான் ஆட்கள் துணிந்து ஒத்துக்கொள்கிறார்கள். மூன்று மாதம் முடிந்து ‘தொடரட்டுமா?’ என்று அவர்களே கேட்டதுதான் எங்களுக்கு அதிகம்.

மரண அறிவிப்பு மட்டும் தனி ரகம். வேறெந்தச் செய்தியைவிடவும் அதிகம் படிக்கப்படுவது அதுதான், அதிகம் அடி வாங்குவதும் அதில்தான். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்த ஊரில், உயிரோடிருப்பவரின் படத்தை நாங்கள் போட்டுவிட்டோம். அனுப்பியவர் தெரிந்தவர் என்பதால் சரிபார்க்கவில்லை. அந்தப் பெரியவர் தன் பேரனோடு பைக்கில் வந்து இறங்கி, ‘எனக்க அடக்கம் எத்தனை மணிக்குப்போ?’ என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் பேரன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து குடும்பத்தில் ஒருவரிடம் நேரடியாகப் போனில் பேசாமல் மரண அறிவிப்பு போடுவதில்லை. பேசியவரின் பெயரும் நேரமும் நோட்டில் எழுதப்படும். இந்தச் சீட்டை முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் கொடுப்பதில்லை. துக்க வீட்டில் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

2. எங்கே தேடுவது

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களிடம் முதலில் போங்கள். ஊருக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் சாருக்குக் கணினி ஆகாது, போனில் தட்டச்சும் வராது. நாங்கள் செய்தியைத் தாளில் அச்செடுத்து வாசலில் போட்டுவிட்டு வருவோம். அவர் சிவப்பு மையால் திருத்தி, தாளைத் திண்ணையில் வெயில் படும் இடத்தில் விரித்து, பேத்தியை விட்டுப் படமெடுத்து அனுப்புவார். தாளின் மூலையில் எப்போதும் அவருடைய பெருவிரல் தெரியும். ஒரு பக்கம் அச்செடுக்க இரண்டு மூன்று ரூபாய்தான் ஆகிறது. அதற்கு ‘ஒளி’யும் ‘ஒலி’யும் மாறாத செய்தி கிடைக்கிறது. நம் ஊர்ச் சொல்லான மரச்சீனியை மரவள்ளி என்று திருத்தியதற்கு மட்டும் அவரோடு சண்டை போட்டேன். மரச்சீனியே நின்றது.

அடுத்து கல்லூரிகள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வருடத்துக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். உங்கள் வேலையை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று திட்ட அலுவலரிடம் நேரில் கேளுங்கள். கடிதம் கல்லூரி முதல்வருக்கு எழுதப்பட்டு, திட்ட அலுவலர் வழியாகப் போக வேண்டும். எத்தனை மாணவர், என்ன வேலை, எத்தனை மணி நேரம், இரவு வேலை கிடையாது, வெள்ளப் பகுதிக்கு அனுப்ப மாட்டோம் என்பதை அதிலேயே எழுதுங்கள். கடைசி இரண்டும் இல்லாத எங்கள் முதல் கடிதம் மேசையிலேயே கிடந்தது. சேர்த்து எழுதிய பிறகு இரண்டு வாரத்தில் பதில் வந்தது.

மூன்றாவது, வழிபாட்டு இடங்கள். ஞாயிறு பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது பங்குத்தந்தையிடம் சொல்லி ஒரு வரி சேர்த்தால் நூறு வீட்டுக்குப் போய்ச் சேரும். ஆனால் இங்கேதான் நாங்கள் வழுக்கினோம். எங்களில் இருவர் ஒரே சபைக்காரர்கள் என்பதால் அங்கே மட்டும் அறிவித்தோம், ஆறு பேர் கிடைத்தார்கள். இரண்டே மாதத்தில் ‘அது அந்தச் சபைக்காரங்க நடத்துற சைட்டாக்கும்’ என்று பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பெயரைக் கழுவ ஒரு வருடம் ஆனது. கோயில் நிர்வாகக் குழு, கத்தோலிக்கப் பங்கு, சி.எஸ்.ஐ. சபை, அய்யாவழிப் பதி, ஜமாத் எல்லோரிடமும் ஒரே மாதத்தில், ஒரே கடிதத்தோடு போங்கள். எங்காவது ஆள் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் போனது நாலு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது, வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்கள். இவர்களிடம் நன்கொடை கேட்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். நான் நேரத்தைக் கேட்கிறேன். நமக்கு இரவு 11 மணி என்றால் துபாயில் ஒன்பதரை, சவுதியில் எட்டரை. இங்கே எல்லோரும் தூங்கப் போகும் நேரத்தில் அவர்கள் வேலை முடிந்து அறையில் உட்கார்ந்து ஊர் நினைப்போடு இருப்பார்கள். எங்கள் தளத்தில் இரவுச் செய்திகளை ஏற்றுவது இரண்டு வளைகுடாத் தம்பிகள்தான். களத்துக்குப் போக முடியாதவர்களுக்கு இது நல்ல வேலை.

மகளிர் சுயஉதவிக் குழு, ஆட்டோ ஸ்டாண்டு, ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் ஆகியோரையும் விடாதீர்கள். எழுத வேண்டாம், சேதி சொன்னால் போதும். எங்கே மரம் விழுந்தது, எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது ஆட்டோக்காரர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

யாரைச் சேர்க்கக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். பணியில் இருக்கும் மாநில அரசு ஊழியர்களும் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்கு (1973) உட்பட்டவர்கள். அனுமதி இல்லாமல் செய்தித் தளத்தில் பெயர் போட்டால் அவர்களுக்குத்தான் வினை. ஆர்வமாக வந்தால், ஓய்வுபெற்ற பிறகு வரச் சொல்லுங்கள். கட்சிப் பொறுப்பில் இருப்பவர்களை மின்தடை, பஸ் நேரம் மாதிரியான வேலைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

3. எப்போது கேட்பது

நாள் பார்த்துக் கேட்க வேண்டும். பஞ்சாங்கம் தேவையில்லை, ஊர்க் காலண்டர் போதும்.

மாணவர்களுக்கு ஜூலையும் ஜனவரியும் சரி. நவம்பரிலும் ஏப்ரலிலும் தேர்வு, அப்போது கேட்டால் முகத்துக்காகத் தலையாட்டிவிட்டு வர மாட்டார்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3இல் முடியும், அதோடு கிறிஸ்துமஸ் வேலைகள் சூடுபிடிக்கும். மார்கழியில் சுசீந்திரம் தேர். டிசம்பர் முழுக்கப் புது ஆளைச் சேர்க்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். மாசியில் மண்டைக்காட்டுக் கொடையும் சிவாலய ஓட்டமும் அடுத்தடுத்து வரும். அப்போது சேர்க்க முடியாது, ஆனால் ஏற்கெனவே இருப்பவர்களுக்குக் கை நிறைய வேலை.

கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கடலுக்குப் போக மாட்டார்கள். அன்று மாலை போய்ப் பேசலாம். விசைப்படகு ஊர்களில் மீன்பிடித் தடைக்காலம் தோதானது. ஆனால் நம் மாவட்டத்தில் அது இரண்டு வகை. சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இது தெரியாமல் மே மாதம் குளச்சலுக்குப் போய் வெறும் கையோடு திரும்பினேன். பால்வெட்டுக்காரர்கள் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள், அவர்களிடம் இரவில் பேசப் போனால் பாதிப் பேச்சில் கொட்டாவி வரும். மதியத்துக்கு மேல் போங்கள்.

அக்டோபர் மழைதான் நமக்குப் பரீட்சை. அதற்கு ஆள் வேண்டுமென்றால் ஜூலையிலேயே சேர்த்து, தென்மேற்குப் பருவமழையின் கடைசிப் பகுதியில் பழக்கிவிட வேண்டும்.

4. வாங்க வேண்டிய காகிதங்கள்

‘நமக்குள்ளே எதுக்குப் பேப்பர்?’ என்று இருந்தோம். ஒரு தம்பி ஒன்றரை வருடம் அருமையாகப் படம் எடுத்துக் கொடுத்தார். பிறகு ஒரு சின்ன மனக்கசப்பில் விலகினார். விலகியவர் ‘எனக்க போட்டோ எல்லாத்தையும் எடுத்திருங்க’ என்றார். 200க்கும் மேற்பட்ட படங்கள். சட்டம் அவர் பக்கம்தான். சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் எடுப்பதும் தன்னார்வலர் எடுப்பதும் ஒன்றல்ல. எழுதிக் கொடுக்காதவரை காப்புரிமை எடுத்தவருக்கே. மூன்று இரவு உட்கார்ந்து நீக்கினோம். பழைய செய்திகளில் இன்றும் படமில்லாத சாம்பல் கட்டங்கள் இருக்கின்றன.

இப்போது ஒவ்வொருவரிடமும் நான்கு தாள்கள்:

தன்விவரத் தாள்: பெயர், ஊர், போன், அவசரத்துக்கு அழைக்க வீட்டார் எண், ரத்த வகை, எடுத்துக்கொண்ட சீட்டு, கட்சியிலோ அமைப்பிலோ பொறுப்பு உண்டா என்ற ஒரு கேள்வி.

பயன்பாட்டு அனுமதி: ‘நான் தரும் எழுத்தும் படமும் காணொளியும் என்னுடையவையே. அவற்றை என் பெயரோடு தளத்தில் வெளியிடவும், நான் விலகிய பிறகும் வைத்திருக்கவும் அனுமதிக்கிறேன்.’ உரிமையை முழுதாக எழுதி வாங்காதீர்கள், அனுமதி போதும். எத்தனை வருடத்துக்கு என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். உரிமையோ அனுமதியோ எழுதிக் கொடுக்கும்போது காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் காப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். முத்திரைத்தாள் இல்லை, சாதாரணத் தாளில் எழுதித்தான் கையெழுத்து வாங்குகிறோம்.

பெற்றோர் சம்மதம்: 18 வயது நிரம்பாதவர்களுக்கு. அவர்களை வெளிவேலைக்கு அனுப்புவதில்லை என்பதும் அதில் இருக்கும்.

நடத்தைத் தாள்: தளத்தின் பெயரைச் சொல்லி யாரிடமும் பணமோ கவரோ விளம்பரமோ வாங்கக் கூடாது. கட்சிக் கொடி கட்டிய வண்டியில் செய்திக்குப் போகக் கூடாது. மதம், சாதி சம்பந்தப்பட்ட தகராறு என்றால் இரண்டு பேர் தனித்தனியாக விசாரித்து, காவல் நிலையத்திலும் கேட்ட பிறகே ஒரு வரி வெளிவரும்.

ஆதார் நகல் வாங்காதீர்கள். முதலில் வாங்கினோம். ஒரு நாள் வடை மடித்து வந்த தாளில் எங்கள் தன்னார்வலர் ஒருவரின் ஆதாரைப் பார்த்தேன். ஜெராக்ஸ் எடுத்ததில் மிஞ்சியதைப் பழைய பேப்பரோடு போட்டவன் நான்தான். அடையாளம் பார்த்தே ஆக வேண்டுமென்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

பைக்கில் சுற்றுகிறவர்களைப் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில், அதாவது சுரக்‌ஷா பீமா யோஜனாவில் சேரச் சொல்லுங்கள். வருடத்துக்கு 20 ரூபாய், 18 முதல் 70 வயது வரை, விபத்தில் இறந்தால் 2 லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரைதான் ஒரு வருடக் கணக்கு. வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்வார்கள், மே கடைசியில் பணம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் போதும். அந்த 20 ரூபாயை நாங்களே கொடுத்துவிடுகிறோம்.

5. அட்டை கேட்டு வருகிறவர்கள்

சேர்ந்த அன்றே ‘அண்ணே, பிரஸ் கார்டு எப்போ தருவிய?’ என்று கேட்கிறவர் இருப்பார். வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டத்தான் அவர் வந்திருக்கிறார். மூன்று மாதம் ஒரு சீட்டை முடித்த பிறகே அட்டை என்று விதி வைத்தோம். பாதிப் பேர் அதிலேயே கழன்றுகொண்டார்கள்.

எங்கள் அட்டையில் ‘பிரஸ்’ என்ற சொல்லே கிடையாது. பெயர், படம், ‘தன்னார்வச் செய்தி சேகரிப்பாளர்’, முடிவுத் தேதி, சரிபார்க்க ஒரு போன் எண். பிளாஸ்டிக் அட்டைக்கு ஆளுக்கு ஐம்பது அறுபது ரூபாய் ஆனது. அரசு தரும் அங்கீகார அட்டை வேறு, நாம் அடித்துக் கொடுப்பது வேறு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு பொறி: ‘உங்கள் தளத்துக்கு ஆர்.என்.ஐ. நம்பர் வாங்கித் தருகிறோம்’ என்று முகவர்கள் வருவார்கள். ஆர்.என்.ஐ. நம்பர் என்பது பத்திரிகைகளுக்கான பதிவு எண். 2024 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் புதிய இதழ்கள் பதிவுச் சட்டம் அச்சு இதழ்களுக்குத்தான். இணையதளம் அதில் வராது. எங்களிடம் 15,000 கேட்டார்கள். கொடுக்கவில்லை என்று பெருமையாகச் சொல்ல முடியாது, 2,000 முன்பணம் போனது போனதுதான்.

6. முதல் முப்பது நாள்

கடவுச்சொல்லைக் குழுவில் போடாதீர்கள். வேர்ட்பிரஸ் தளம் என்றால் புதியவர்களுக்குப் ‘பங்களிப்பாளர்’ நிலை போதும். அவர்களால் எழுத முடியும், வெளியிட முடியாது, படமும் ஏற்ற முடியாது. படத்தை வாட்ஸப்பில் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தெளிவு போய்விடும்.

தட்டச்சு தெரியாது என்பவர்களை விட்டுவிடாதீர்கள். போனில் பேசினாலே எழுத்தாகிறது, அதைத் திருத்த ஆள் இருந்தால் சரி. பழைய டிடிபி ஆட்கள் பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்புவார்கள். அதை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவர்களுடைய வேகம் வேறு யாருக்கும் வராது.

புதியவர் அனுப்பும் முதல் மூன்று செய்திகளை அன்றைக்கே, அவர் பெயரோடு போடுங்கள். நாலு வரியாக இருந்தாலும் சரி. அம்மாவிடம் காட்டுவார், அப்புறம் விடமாட்டார். முதல் செய்தியைப் பத்து நாள் கிடப்பில் போட்டு இரண்டு நல்ல ஆட்களை இழந்திருக்கிறேன்.

கொஞ்சம் பழகியவர்களுக்குக் கிராம சபையைக் கொடுக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள். நவம்பர் 1 நமக்கு மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாளும் என்பதால் உள்ளூர் விடுமுறை, ஆள் கிடைப்பது எளிது. மாவட்டத்தில் ஊராட்சிகள் நூற்றுக்கும் குறைவுதான். ஐம்பதை ஒட்டிப் பேரூராட்சிகள் இருக்கின்றன, அங்கே கிராம சபை கிடையாது. ஒரு பிள்ளையைப் பேரூராட்சி அலுவலகத்துக்குக் ‘கிராம சபை எத்தனை மணிக்கு?’ என்று கேட்க அனுப்பிவிட்டேன். அங்கே சிரித்திருக்கிறார்கள். பேரூராட்சி என்றால் மன்றக் கூட்டமும் பகுதி சபையும்தான்.

தகவல் உரிமை மனு எழுதுவதும் நல்ல பயிற்சி. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மனுவைத் தளத்தின் பெயரில் போடாதீர்கள், தகவல் கேட்கும் உரிமை குடிமக்களுக்குத்தான். தன்னார்வலர் சொந்தப் பெயரில் போட வேண்டும். அதனால் அவர் வீட்டு முகவரி வெளியே போகும் என்பதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். யோசிக்கிறார் என்றால் வற்புறுத்தாதீர்கள், உங்கள் பெயரில் போடுங்கள்.

வெள்ளம், கடல் சீற்றம், காட்டானை என்றால் புதியவர் யாரையும் அனுப்புவதில்லை. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து எடுத்த மங்கல் படம் போதும்.

7. சட்டத்தில் சறுக்கும் இடங்கள்

தன்னார்வலர்களுக்கு ஒரு மணி நேர வகுப்பு எடுங்கள். ஊரில் ஒரு வழக்கறிஞர் இலவசமாக வந்து பேசுவார். எங்களுக்கு வந்தார்.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றச் செய்தியில் பெயர் போடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பள்ளியின் பெயர், தெரு, குடும்ப விவரம் என்று அடையாளம் காட்டும் எதுவும் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. போக்சோ சட்டம் 23ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை உண்டு. சின்ன ஊரில் ‘இந்த ஊரைச் சேர்ந்த மீனவரின் மகள்’ என்றாலே ஆள் தெரிந்துவிடும். இந்த வகைச் செய்தியைத் தன்னார்வலர் யாரும் எழுத வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

புகார் வாங்க ஒருவர் பெயரும் தொடர்பு முகவரியும் தளத்தில் இருக்கட்டும். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள், புகார் வந்த 24 மணி நேரத்தில் ஒப்புகையும் 15 நாளில் முடிவும் கேட்கின்றன. அந்த விதிகளின் சில பகுதிகளுக்கு நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை இருந்தாலும், இந்தப் பழக்கம் இருந்தால் பாதிச் சண்டை வாசலோடு போய்விடும். அந்த வேலை ஒரு தனிச் சீட்டு. பொறுமைசாலியாகப் பார்த்துக் கொடுங்கள்.

8. பணம்

ஆள் இலவசமாக வந்தாலும் ஆளை வைத்திருப்பது இலவசமல்ல. எங்களுக்கு வருடத்துக்குத் தளப்பெயரும் சர்வர் இடமுமாகச் சேர்ந்து ஐயாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. வெளியே போகிறவர்களுக்குப் பெட்ரோல், கணக்கு எழுதிக் கொடுத்தால் மாதம் 300 வரை. தொடர்ந்து செய்கிறவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு போன் ரீசார்ஜ். மாதக் கூட்டத்தில் சாயாவும் பழம்பொரியும். எல்லாம் சேர்த்து வருடத்துக்கு நாற்பதாயிரத்தைத் தொடும். பாதி உள்ளூர்க் கடை விளம்பரம், பாதி நன்கொடை. பெட்ரோல் காசைக் கேட்காமலே கொடுங்கள். கேட்க வெட்கப்பட்டு நின்றுபோனவர்கள் உண்டு.

நன்கொடையை உங்கள் சொந்த ஜிபேயில் வாங்காதீர்கள். ஒரு வருடம் வாங்கினேன். வருமான வரிக் கணக்கின்போது எது என் பணம், எது ஊர்ப்பணம் என்று பிரிக்க ஆடிட்டரோடு இரண்டு நாள் போனது. ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதியலாம். விதிமுறைகள், ஏழு பேரின் முகவரிச் சான்று, அலுவலக முகவரிக்கு வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம் இவற்றை வைத்தோம். பெயர் வேறொன்றைப் போல் இருக்கிறது என்று ஒரு தடவை திரும்பியது. ஆக மொத்தம் இரண்டு மாதம். மூன்று பெயர்களை யோசித்துக்கொண்டு போங்கள். அப்புறம் சங்கத்தின் பெயரில் பான், வங்கிக் கணக்கு.

வெளிநாட்டுப் பணம்தான் நம் மாவட்டத்துக்கே உரிய கண்ணி. வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஊர்க்காரர் அமெரிக்க, பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியவர் என்றால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. காணொளிச் செய்தி போடுகிற அமைப்புகள் அதை வாங்கவே தடை இருக்கிறது. மாமா மகனாக இருந்தாலும் ‘இப்போது எந்த நாட்டு பாஸ்போர்ட்?’ என்று கேட்டுவிடுங்கள். கொஞ்சம் வருத்தப்படுவார், இரவுப் பிழைதிருத்தம் கொடுத்துச் சமாதானப்படுத்தலாம்.

9. விலகுகிறவரை அனுப்பி வைப்பது

போகாமல் இருக்க மாட்டார்கள். கல்யாணம் ஆகும், கப்பலில் வேலை கிடைக்கும், பி.எட். சேருவார்கள். போகிற அன்றே தளத்திலிருந்து அவர் கணக்கை ‘சந்தாதாரர்’ நிலைக்கு இறக்குங்கள். கணக்கை அழிக்கிறேன் என்று அவர் எழுதிய செய்திகளையும் சேர்த்து அழித்த அனுபவம் எங்களுக்கு உண்டு. அட்டையைத் திரும்ப வாங்குங்கள். குழுவிலிருந்து நீக்கும் முன் ஒரு போன் போடுங்கள், சொல்லாமல் நீக்கினால் அது ஊர்ப்பேச்சாகிவிடும். மாணவர் என்றால் எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று எழுதிய சான்றிதழ் அன்றே கையில் இருக்க வேண்டும். அச்சுக்கூலி 20 ரூபாய்தான்.

அவருடைய துண்டுச் சீட்டை அவரையே திருத்தி எழுதச் சொல்லுங்கள். பலசரக்குக் கடை அக்கா மகளின் பிரசவத்துக்காக இரண்டு மாதம் விடுப்பு எடுத்தபோது, சீட்டின் அடியில் பென்சிலால் ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார்: ‘ஞாயிற்றுக்கிழமை பட்டியல் லேட்டா வரும், பத்து மணிக்குப் பாக்கணும்.’ இத்தனை நாள் ஞாயிறு காலை எட்டு மணிக்கு நான் அவருக்குப் போன் போட்டுத் தொந்தரவு செய்துகொண்டிருந்தேன்.